தொப்பையை எக்கிக்கொண்டு வரும் போர்வீரன்: டூலின் ஃபியர் இனாக்குலம் ஆல்பம்

முதல் தடவை கேட்டபோது தூங்கிவிட்டேன். இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டூல் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்கள் மத்தியில் இது சாமி படத்தைத் திருப்பி மாட்டியதற்குச் சமமான குற்றம். 2019 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. ஆபீஸிலிருந்து வந்து, சாப்பிட்டு, பையனைத் தூங்கவைத்து, ஹெட்போனை மாட்டி, விளக்கையும் அணைத்துவிட்டு, 13 வருடம் காத்திருந்த ஆல்பத்தை ஓடவிட்டால் நான்காவது பாட்டுக்குள் எங்கேயோ கண் சொக்கிவிட்டது. விழித்தபோது காதுக்குள் இயந்திரப் பறவைகள் மாதிரி ஏதோ கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அதுதான் ஆல்பத்தின் கடைசித் துண்டு, மாக்கிங்பீட் என்று மறுநாள்தான் தெரிந்தது.

இன்றோடு மூன்று வாரம். முழுதாக ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டாகிவிட்டது, மின்ரயிலில், மொட்டை மாடியில், பாத்திரம் கழுவும்போது. இப்போது தூக்கம் வரவில்லை. ஆனால் அன்று வந்த தூக்கத்துக்காக வெட்கப்படவும் இல்லை, ஏனென்றால் ஃபியர் இனாக்குலம் அவசரப்படாத ஆல்பம், அவசரத்தில் இருப்பவனை அது கண்டுகொள்ளாது. அன்று நான் அவசரத்தில்தான் இருந்தேன். விடிவதற்குள் ஒரு கருத்து சொல்லியாக வேண்டும் என்று வாட்ஸாப் குழுவில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

டூல் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1990-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய நால்வர் குழு. பாட்டு மேனார்ட் ஜேம்ஸ் கீனன், கிட்டார் ஆடம் ஜோன்ஸ், டிரம்ஸ் டேனி கேரி, பேஸ் 1995-லிருந்து இங்கிலாந்துக்காரர் ஜஸ்டின் சான்சலர். ஆல்டர்நேட்டிவ் மெட்டல் என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள், புரோகிரசிவ் என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு, எனக்கு இரண்டும் சம்மதம். 1993-ல் அண்டர்டோ, 1996-ல் ஈனிமா, 2001-ல் லேட்டரலஸ், 2006-ல் 10,000 டேஸ். அப்புறம் ஒன்றும் இல்லை. 13 வருடம் ஒன்றும் இல்லை.

10,000 டேஸ் வந்தபோது நான் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். எங்கள் அறையில் ஒருத்தனுடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அதன் அசல் சிடியை வாங்கி அனுப்பியிருந்தார். அட்டையிலேயே இரண்டு கண்ணாடி வில்லைகள் பதித்திருக்கும், மடித்து வைத்து அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே இருக்கும் படங்கள் ஆழத்தோடு எழுந்து நிற்கும். திருவிழாவில் படப்பெட்டிக்காரரைச் சுற்றி நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஆறு பேர் வரிசையில் நின்று பார்த்தோம். ஒருத்தன் சிடியைக் கம்ப்யூட்டரில் போட, இன்னொருத்தன் 'படத்தைக் காட்டுடா முதல்ல' என்று கத்த, பாட்டை முழுதாகக் கேட்டது அடுத்த வாரம்தான். அந்த அட்டைக்கு அடுத்த வருடம் கிராமி விருது கொடுத்தார்கள். விருது கொடுத்தவர்களும் எங்களைப் போலத்தான் முதலில் படத்தைப் பார்த்திருப்பார்கள் போல.

அந்தத் தலைப்புக்கு ஒரு கதை உண்டு. கீனனின் அம்மா 1976-ல் மூளையில் ரத்தக்குழாய் பாதித்து முடங்கிப்போனார், 2003-ல் இறக்கும் வரை அப்படியே இருந்தார். 27 வருடம், ஏறத்தாழ பத்தாயிரம் நாள். இதை வைத்து ஒரு நாள் வேலையற்ற வேலையாக நானும் கணக்குப் போட்டேன். 2006 மே 2-லிருந்து 2019 ஆகஸ்ட் 30 வரை 4,868 நாள். அந்த அம்மா முடங்கிக் கிடந்த காலத்தில் கிட்டத்தட்ட பாதி, நாங்கள் வெறும் ஒரு ஆல்பத்துக்காகப் புலம்பியிருக்கிறோம். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் புலம்பலை நிறுத்தவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு பெரிய காரணம் கோர்ட். குழுவின் ஓவிய வேலைகளில் தனக்குப் பங்கு உண்டு என்று பழைய நண்பர் ஒருவர் உரிமை கோர, அதில் இன்சூரன்ஸ் நிறுவனம் குழுவின் மேலேயே வழக்குப் போட, குழு எதிர்வழக்குப் போட, 2007-ல் தொடங்கியது 2015-ல்தான் ஓய்ந்தது. வீட்டு வேலிப் பிரச்சினைக்கே பத்து வருடம் அலைகிற ஊர்க்காரன் நான், எனக்கு இது புதிதல்ல. மண்டைக்குள் வாய்தா தேதி ஓடிக்கொண்டிருக்கும்போது யாராலும் நிம்மதியாக உட்கார்ந்து பாட்டுக் கட்ட முடியாது.

இன்னொரு காரணம் அவர்கள் வேலை செய்கிற விதம். ஜோன்ஸ், சான்சலர், கேரி மூன்று பேரும் சேர்ந்து வாசித்து, பிரித்து, மறுபடி கோத்து, இசையை முழுதாக முடித்த பிறகுதான் கீனன் அதன் மேல் பாட்டு எழுதுவார். அந்த மூன்று பேரும் ஒரு துண்டை விட்டுத்தர மனசில்லாத ஆட்கள். அவர்கள் முடிக்கும் வரை கீனன் அரிசோனாவில் திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் தயாரித்துக்கொண்டும், எ பெர்ஃபெக்ட் சர்க்கிள், புசிஃபர் என்று வேறு இரண்டு குழுக்களில் பாடிக்கொண்டும் இருந்தார். ரசிகர்கள் பல பேர் பழியை அவர் மேல் போட்டார்கள். கல்யாணச் சமையல் தாமதமானால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைத் திட்டுகிற மாதிரி.

2019 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கச்சேரியில் திரையில் ஆகஸ்ட் 30 என்று தேதியை மட்டும் காட்டினார்கள். நம்பவில்லை. ஆகஸ்ட் 2 அன்று, அதுவரை பிடிவாதமாக ஸ்ட்ரீமிங் பக்கமே வராமல் இருந்தவர்கள் பழைய ஆல்பங்கள் அத்தனையையும் ஏற்றிவிட்டார்கள். அப்போதுதான் நம்பினேன்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன்.

இனாக்குலம் என்றால் தடுப்பூசியில் ஏற்றுகிற அந்தக் கிருமிச் சரக்கு. அச்சத்துக்கு அம்மைகுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் கிடைக்கும் வடிவம் 86 நிமிடத்துக்கு மேல், சிடியில் 79 நிமிடம்தான் அடங்கும் என்பதால் அதில் சில இடைத்துண்டுகள் இல்லை. அந்த இடைத்துண்டுகளைப் பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன்: தேவையில்லை. மூன்றும் ஊதுபத்திப் புகை மாதிரி வருகின்றன, போகின்றன. மூன்றாவது வாரத்தில் அவற்றை நீக்கிவிட்டு ஆறு பெரிய பாட்டுகளையும் டேனி கேரியின் தனி ஆவர்த்தனத்தையும் மட்டும் ஒரு வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன், ஆல்பம் சட்டென்று இளைத்து அழகாகிவிட்டது.

அந்தத் தனி ஆவர்த்தனத்தின் பெயர் சாக்லேட் சிப் டிரிப். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிந்தசைசர் ஒன்று ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் கேரி கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் டிரம்ஸை உருட்டி எடுக்கிறார். என் நான்கு வயதுப் பையனுக்கு இந்த ஆல்பத்தில் பிடித்த ஒரே பாட்டு இதுதான். தோசைக்கரண்டியால் எவர்சில்வர் தட்டில் கூடவே வாசிக்கிறான், அவன் அம்மாதான் பாவம்.

முதல் பாட்டு தலைப்புப் பாட்டு. தொடங்கும்போதே தபலா சத்தம். கேரி விளையாட்டுக்காகத் தபலாவைத் தொட்டவர் இல்லை, அலோக் தத்தா என்ற ஆசிரியரிடம் முறையாகக் கற்றுக்கொண்டவர். 10,000 டேஸில் ரைட் இன் டூ பாட்டிலேயே அவர் தபலா வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள். மேற்கத்திய ராக்கில் தபலாவும் சிதாரும் வந்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்துவிட்டு ஆன்மிகம் பரிமாறிவிட்டதாக நினைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. தபலாவின் நடையை எடுத்து டிரம்ஸுக்குள் செலுத்திவிடுகிறார், சத்தம் போன பிறகும் நடை மிச்சம் இருக்கிறது. இந்தப் பாட்டு 10 நிமிடத்துக்கு மேல். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அதுவரை நுழைந்த பாட்டுகளிலேயே மிக நீளமானது இதுதான், 93-ஆவது இடம். பாடகர் டேவிட் போவியின் பிளாக்ஸ்டார் வைத்திருந்த சாதனையை அப்போது முறியடித்தது. மூன்று நிமிடத்துக்குள் கோரஸ் வரவில்லை என்றால் ஆள் ஓடிவிடுவான் என்று எல்லோரும் பயப்படுகிற காலத்தில் இது நடந்திருக்கிறது.

நியூமா இரண்டாவது. கிரேக்கத்தில் மூச்சு, உயிர் இரண்டுக்கும் அந்த ஒரே சொல். நம் பிராணன் மாதிரி. சான்சலரும் ஜோன்ஸும் வாசிக்கும் அந்தப் பிரதானச் சுற்றை எண்ணிப் பாருங்கள், 17-ம் 16-மாக 33 வரும். எண்ணாமல் கேட்டால் சாதாரணமாகத் தலையாட்டுகிற மாதிரிதான் இருக்கும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும்போது எங்கோ ஒரு படி தவறி, அடுத்த சுற்றில் நம் தலை ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். கிண்டியில் இறங்க வேண்டிய நான் இதை எண்ணிக்கொண்டே சைதாப்பேட்டையில் இறங்கிய நாள் உண்டு. இறங்கிய பிறகும் 33 சரியாக வரவில்லை.

இந்த எண்ணுகிற பைத்தியம் டூல் ரசிகர்களுக்குப் பழையது. லேட்டரலஸ் பாட்டில் 9, 8, 7 என்று அட்சரம் குறைந்துகொண்டே வரும் சுற்று ஒன்று, வரிகளின் அசைகள் ஃபிபோனாச்சி எண்வரிசையில் ஏறி இறங்கும், 987-உம் ஃபிபோனாச்சி எண்தான் என்று ஒரு கூட்டம் 2001-லிருந்தே மெய்சிலிர்த்துக்கொண்டிருக்கிறது. நானும் சிலிர்த்தவன்தான். இந்த ஆல்பத்தின் எண் ஏழு. கடைசிப் பெரிய பாட்டான டெம்பெஸ்ட்டின் பெயரிலேயே முதல் எழுத்தான T-க்குப் பதிலாக 7 போட்டிருக்கிறார்கள்.

டெம்பெஸ்ட்டைப் பற்றி ஒரு சம்பவம். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். சின்ன வயதில் எட்டு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டவர், அப்புறம் மின்வாரியத்தில் வேலை கிடைத்ததும் மிருதங்கம் பரணுக்குப் போய்விட்டது, கை மட்டும் இன்னும் சும்மா இருக்காது, சாப்பாட்டு மேஜையில் விரல் ஓடிக்கொண்டே இருக்கும். "பெரியப்பா, இதை ஒரு நிமிஷம் கேளுங்க, எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் ஒரு தட்டு. நிறுத்தினார். மறுபடி தட்டினார். உதடு முணுமுணுத்தது, தகிட தகதிமி, தகிட தகதிமி. பாட்டு சூடு பிடித்துக் கிட்டார் இரைச்சல் ஏறியதும் முகம் சுளித்தார், ஆனால் ஹெட்போனைக் கழற்றவில்லை. மூன்று நிமிடம் கழித்து, "மிஸ்ரம்டா இது. மூணு ஏழு. இருபத்தொண்ணுல ஒரு சுத்து வருது பாரு" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. டெம்பெஸ்ட்டின் ஆணிவேரான சுற்று 21 என்பதை நான் இணையத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அவர் தொடையில் கண்டுபிடித்துவிட்டார். "அடிக்கிறவன் கணக்குத் தெரிஞ்சவன்" என்று சொல்லி ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார். பாடுகிறவரைப் பற்றிக் கேட்டேன். "அவன் எங்கடா பாடினான்?"

பெரியப்பா அப்பாவியாகக் கேட்டாலும் இந்த ஆல்பத்தின் மேல் உள்ள பெரிய புகாரை நாலு சொல்லில் வைத்துவிட்டார். கீனன் இதில் ரொம்பக் குறைவாகத்தான் பாடுகிறார். பல பாட்டுகளில் நிமிடக்கணக்கில் ஆளையே காணோம். வரும்போதும் பழைய கூச்சல் இல்லை, 1993-ல் தொண்டை கிழியக் கத்திய அந்த ஆள் இப்போது மூச்சை அளந்து, நிதானமாக, சில இடங்களில் கிசுகிசுப்பாகவே பாடுகிறார். முதல் வாரம் எனக்கும் கோபம்தான். மெட்டல் ஆல்பத்தில் பாடகர் விருந்தாளி மாதிரி வந்து காப்பி குடித்துவிட்டுப் போவதா என்று வாட்ஸாப்பில் நானே எழுதினேன். இன்வின்சிபிளைச் சரியாகக் கேட்ட பிறகு அதை எழுதியிருக்க வேண்டாம் என்று பட்டது.

இன்வின்சிபிள், வெல்லமுடியாதவன். 12 நிமிடத்துக்கு மேல். ஜோன்ஸின் கிட்டார் தனியாக, மெதுவாக, தூரத்தில் யாரோ நடந்து வருவது போலத் தொடங்குகிறது. பாட்டின் நாயகன் வயதான போர்வீரன். ஒரு காலத்தில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது, இப்போது கவசம் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வெற்றி வேண்டும் அவனுக்கு. ஆயுதத்தை உருவிக்கொண்டு, தொப்பையை உள்ளே எக்கிக்கொண்டு சண்டைக்குள் போகிறான். அந்தத் தொப்பை வரியைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டேன். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் 'ரெடி' என்றதும் மாமாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வார்களே, அதேதான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து அவன் போன்ஸ் டி லியோன் தேடியதாகச் சொல்லப்படும் இளமை ஊற்றைத் தேடுகிறான், இன்னும் தான் ஒரு பொருட்டாக இருக்க வேண்டும் என்று போராடுகிறான்.

ஆல்பம் வெளியான 2019-ல் இதைப் பாடுகிற கீனனுக்கு 55 வயது. கேரிக்கு 58. ஜோன்ஸுக்கு 54. சான்சலர்தான் குழந்தை, 47. இந்த வயதில் இந்த மாதிரிக் குழுக்கள் பொதுவாக என்ன செய்யும்? பழைய ஆல்பத்தின் வெள்ளிவிழா என்று ஊர் ஊராகப் போய் அதையே வாசிக்கும், இல்லையென்றால் 'நாங்கள் இன்னும் அதே காட்டு மிராண்டிகள்தான்' என்று ஒரு ஆல்பம் போட்டு மூச்சு வாங்கும். தனக்கு வயதாகிவிட்டது என்பதையே பாட்டாக்கிப் பன்னிரண்டு நிமிடம் நிற்கிற தைரியம் நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படி ஒரு பாட்டை 25 வயதுக் கத்தலில் பாடினால் பொய்யாக இருந்திருக்கும். பாடகர் மூச்சை அளந்து வைப்பதற்கு இந்த ஒரு பாட்டில் முழு நியாயம் இருக்கிறது.

எல்லாப் பாட்டிலும் இருக்கிறதா என்றால், இல்லை. டிசெண்டிங் கடல் அலைச் சத்தத்தோடு தொடங்குகிறது, மனித குலமே கீழே விழுந்துகொண்டிருக்கிறது எழுந்திருங்கள் என்கிறது, பின்பாதியில் ஜோன்ஸ் கிட்டாரை அழவைக்கிறார், எல்லாம் சரி. இதன் ஒரு துண்டை 2015-லேயே மேடையில் வாசித்துக் காட்டினார்கள், அப்போதிருந்தே ரசிகர்கள் அரைகுறைப் பதிவை வைத்து உயிர் வாழ்ந்தார்கள். ஆனால் 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாட்டையும் இன்வின்சிபிளையும் அடுத்தடுத்து கேட்கும்போது ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடுகளில் ஏறி இறங்கிய மாதிரி இருக்கிறது. மெதுவான தொடக்கம், பேஸ் நுழைவு, கேரி மேலே மேலே அடுக்குவது, கீனன் நாலு வரி, எட்டாவது நிமிடத்தில் ஒரு அடங்கல், கடைசியில் வெடிப்பு. கல்லிங் வாய்ஸஸ் இன்னும் மோசம், முக்கால்வாசிப் பாட்டு வரைக்கும் திரி மட்டும் புகைகிறது, வெடித்தால் அது ஓலை வெடி. இந்தப் பாட்டை மட்டும் நான் இன்னும் முழுமனதாகக் கேட்டதில்லை. ஈனிமாவில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது, ஒன்று உறுமும், ஒன்று கேலி செய்யும், ஒன்று அழும். இங்கே ஐந்து பாட்டுகள் ஒரே தாயின் பிள்ளைகள்.

அதனால்தான் கடைசியில் டெம்பெஸ்ட் வரும்போது அவ்வளவு நிம்மதி. கிட்டத்தட்ட 16 நிமிடம், ஆல்பத்திலேயே நீளமானது இதுதான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்ட மாதிரி இருப்பதும் இது ஒன்றுதான். கடைசியாக கீனனுக்குக் கோபம் வருகிறது! புயல் புயலாகத்தான் இருக்கும், அதனிடம் போய் அமைதியாக இரு என்று சொல்லாதே என்கிற மாதிரி சீறுகிறார். ஜோன்ஸ் நிமிடக்கணக்கில் சோலோ வாசிக்கிறார், வேகம் காட்டுகிற சோலோ அல்ல, ஒரே கோட்டை மேலும் மேலும் அழுத்தி வரைகிற மாதிரி. இவர் இசைக்கு முழுதாக வருவதற்கு முன் ஹாலிவுட்டில் டெர்மினேட்டர் 2, ஜுராசிக் பார்க் படங்களின் பொம்மை வேலைகளில் இருந்தவர், குழுவின் வீடியோக்களில் வரும் அந்தக் களிமண் பிசாசுகள் எல்லாம் அங்கே பழகிய கை. வாசிப்பிலும் அந்தச் சிற்பக்காரர்தான் தெரிகிறார், கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வந்து செதுக்குகிறார்.

வெளியான முதல் வாரமே அமெரிக்காவில் முதல் இடம், விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து 2,70,000 கணக்கு. அதற்கு முந்தைய வாரம் உச்சியில் இருந்த டெய்லர் ஸ்விஃப்ட்டின் லவர் கீழே இறங்கியது. அவருடைய ரசிகப் பிள்ளைகள் 'யார் இந்த டூல்?' என்று கொதித்ததும், நம் ஆட்கள் தொப்பையை எக்கிக்கொண்டு ட்விட்டரில் சண்டைக்குப் போனதும் அந்த மாதத்தின் நல்ல நகைச்சுவை. நாற்பது வயதில் பதினைந்து வயதுப் பெண்களோடு பட்டியல் சண்டை போடுகிறவர்களைப் பற்றித்தான் இன்வின்சிபிள் பாட்டே இருக்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக அந்தப் பெட்டி. வெளியானபோது இந்த ஆல்பத்தைக் கடையில் சும்மா ஒரு சிடியாக வாங்க முடியவில்லை, பெட்டியாகத்தான் விற்றார்கள். உள்ளே 4 அங்குலத் திரை, 2 வாட் ஸ்பீக்கர், 36 பக்கப் புத்தகம், சார்ஜ் ஏற்றுகிற வயர். 2019-ல் விலை சுமார் 45 டாலர், அன்றைய கணக்கில் நம் காசுக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய் பக்கம். ஹாஸ்டலில் வில்லைப் பெட்டி வைத்திருந்த அதே நண்பன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான், லீவுக்கு வந்தபோது இதையும் தூக்கிக்கொண்டு வந்தான். போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து, வெடிகுண்டு மாதிரி மெதுவாக மேஜை மேல் வைத்துத் திறந்தான். திரை மினுக்கென்று உயிர்பெற்று உருவங்கள் நெளிந்தன, ஸ்பீக்கரிலிருந்து கொசு பாடுகிற அளவுக்குச் சத்தம் வந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நான்தான், "டேய், திறந்தா ஹாப்பி பர்த்டே பாடுற வாழ்த்து அட்டை மாதிரியே இருக்குடா" என்றேன். "நாப்பத்தஞ்சு டாலர்டா" என்றான், என்னிடம் சொன்னானா தன்னிடமே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. 86 நிமிடம் நம் பொறுமையைச் சோதித்து இசையைக் கேட்கவைக்கிற குழு, அந்த இசையை 2 வாட் ஸ்பீக்கர் வைத்த பெட்டிக்குள் போட்டு விற்பது எனக்குப் புரியவில்லை. 2006-ன் கண்ணாடி வில்லைக்கு சார்ஜ் தேவைப்படவில்லை, அது இன்றைக்கும் வேலை செய்யும். இந்தத் திரையின் பேட்டரி எத்தனை வருடம் தாங்கும்? அடுத்த ஆல்பம் வரும் வரை என்று சொன்னால் அதைவிடப் பெரிய வாரண்டி கிடையாது.

கேலி செய்துவிட்டுப் பெட்டியை அவனிடமே கொடுத்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். "நாலு நாள் வச்சிருந்துட்டுத் தரேண்டா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். மூடினால் நிற்கிறது, திறந்தால் முதலிலிருந்து ஓடுகிறது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆனந்தம், நேற்று சாயங்காலம் மட்டும் ஐம்பது தடவை திறந்து மூடியிருப்பான். ராத்திரி பார்த்தால் திரை கறுத்துப்போய்க் கிடக்கிறது. நண்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட். வயர் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை, சோபாவுக்கு அடியில் தேட வேண்டும்.